பழைய அக்குவா எடுக்கலாமா? வைத்திருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்

கரவெட்டியான்

வணக்கம் எல்லாருக்கும்.

வீட்டுக்கு ஒரு சின்னக் கார் எடுக்கும் யோசனையில் இருக்கிறோம். நானும் மனைவியும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும். கோயில், கலியாணவீடு என்றால் அம்மாவும் வருவா. வேலைக்காகக் கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு ஒவ்வொரு நாளும் போய்வர வேண்டும். மாதம் ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றர் வரும். இடைக்கிடை கொழும்பு.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்தபோது பழைய கார்களின் விலை இறங்கும் என்று காத்திருந்தோம். புது வரிகளைப் பார்த்தபிறகு அந்த எண்ணத்தை விட்டாச்சு. இப்போது கைக்கு எட்டுவது 2012 தொடக்கம் 2015 வரையான டொயோட்டா அக்குவாதான். பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் கார்.

யாரிடம் கேட்டாலும் இரண்டு வசனம்தான் வருகிறது. "பெற்றோல் குடிக்காது" என்பது ஒன்று. "பற்றறி போனால் கதை முடிஞ்சுது" என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவில் உண்மை என்ன? விற்பவர்களிடம் கேட்டு அலுத்துவிட்டது. சில வருடமாவது வைத்திருந்து ஓடியவர்கள் சொல்லுங்கள்.

தெமட்டகொட_ஹயர்

தம்பி, நான் அக்குவாவில்தான் ஹயர் ஓடுகிறேன். 2013 மொடல். காலை ஆறு மணிக்கு எடுத்தால் இரவு வரைக்கும் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்.

கொழும்புக்குள் நெரிசலில் லீற்றருக்கு 18, 19 கிலோமீற்றர் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலி வீதி வெறிச்சோடிக் கிடக்கும்போது 22 தாண்டும். ஜப்பானில் இந்தக் கார் வந்தபோது அவர்களுடைய சோதனை முறையில் 35.4 என்று போட்டார்கள். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் கவலைப்படுவீர்கள். ஆனால் இதே வீதியில் இதே நெரிசலில் சாதாரண 1500 சிசி கார் 10, 11 ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். நெரிசல் கூடக் கூட இந்தக் காருக்கும் மற்றக் காருக்கும் உள்ள வித்தியாசமும் கூடும். நிற்கும்போது எஞ்சின் நிற்கிறது, பிரேக் பிடிக்கும்போது பற்றறிக்கு ஏறுகிறது, ஊரும்போது மோட்டர் இழுக்கிறது. காரணம் அவ்வளவுதான்.

பற்றறிக் கதையும் சொல்கிறேன். எனக்கு ஒரு தடவை போனது. ஹயர் நடுவில், மருதானையில் வைத்து சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு விழுந்தது. காரை இழுத்துக்கொண்டு போன கராஜில் "இரண்டு செல்தான் பழுது, மாற்றித் தருகிறோம்" என்றார்கள். குறைந்த காசு, சந்தோசமாகக் கொடுத்தேன். சில மாதத்தில் அதே விளக்கு. திரும்பப் போனால் இப்போது வேறு செல் பழுதாம். கடைசியில் முழுப் பற்றறியும் மாற்றித்தான் நிம்மதி வந்தது. முதல் கொடுத்த காசு கொடுத்ததுதான்.

வவுனியா_கராஜ்

மேலே அண்ணைக்கு நடந்தது ஏன் என்று சொல்லவேண்டும். எங்களிடம் வரும் அக்குவாக்களில் பாதிக்கு இதே வரலாறு.

அக்குவாவின் முதல் தலைமுறைப் பற்றறி நிக்கல் மெட்டல் ஹைட்ரைட். பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. 7.2 வோல்ட் கொண்ட இருபது மொடியூல்கள் (கராஜில் செல் என்று சொல்வது இவற்றைத்தான்) தொடராகப் பூட்டியது, மொத்தம் 144 வோல்ட். தொடர் என்பதால் இருபதும் ஒரே அளவில் ஏறி ஒரே அளவில் இறங்க வேண்டும். பத்து வருடம் வெயிலில் வெந்த பதினெட்டோடு, எங்கேயோ கழற்றிய இரண்டைப் போட்டால் அது கிழட்டு மாட்டுக்குச் சோடியாக இளம் மாட்டைப் பூட்டின வண்டிதான். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் மற்றதில் எது பலவீனமோ அது படுத்துவிடும். செல் மாற்றும் வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபதையும் கழற்றி, ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கி, கொள்ளளவு பார்த்து, ஒத்துப்போகிறதை மட்டும் சேர்த்துப் பூட்டினால் அது ஒழுங்கான வேலை. அதற்கு நாட்கணக்கு எடுக்கும். ஒரு பின்னேரத்தில் முடித்துத் தருகிறோம் என்றால் எழும்பி வாருங்கள்.

அடுத்தது, பற்றறி ஏன் சாகிறது. வயது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் சூடு. இந்தப் பற்றறியைக் குளிர வைப்பது காருக்குள் இருக்கும் காற்றுத்தான். பின் இருக்கைப் பக்கத்தில் ஒரு காற்று வாய் இருக்கிறது, உள்ளே ஒரு சின்ன விசிறி அந்தக் காற்றை இழுத்துப் பற்றறிக்குள் விடும். எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதியில் ஓடிய காரில் அந்த விசிறியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதழ் ஒவ்வொன்றிலும் தூசி கம்பளி மாதிரி அப்பிக் கிடக்கும், தலைமயிர் சுற்றியிருக்கும், சில கார்களில் கச்சான் கோதுகூட எடுத்திருக்கிறேன். பிளாஸ்ரிக் இதழ் என்ன நிறம் என்றே தெரியாது. அப்படியிருந்தால் விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் காற்றுப் போகாது. பல் துலக்கும் பிரஷும் காற்றுக் குழாயும் போதும், ஒரு மணித்தியால வேலை. வருடத்துக்கு ஒருக்கால் செய்தால் பற்றறி வருடக்கணக்கில் கூட உழைக்கும்.

ஓடும்போது பின்னாலிருந்து "உஸ்ஸ்" என்று விசிறிச் சத்தம் அடிக்கடி கேட்டால் அது உங்களைக் கூப்பிடுகிறது. அரிசி மூட்டை, பயணப் பை, பிள்ளைகளின் போர்வை எதையும் அந்தக் காற்று வாயில் அடைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. செம்மஞ்சள் நிற வயர் எங்கு கண்டாலும் கை வைக்க வேண்டாம். பற்றறி 144 வோல்ட் என்றாலும் இன்வேர்ட்டர் அதை 520 வோல்ட் வரைக்கும் ஏற்றித்தான் மோட்டருக்குக் கொடுக்கிறது. பற்றறியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துத்தான் நாங்களே உள்ளே போவோம். விசிறி துப்பரவாக்குவதையும் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

மட்டு_தாதி

அண்ணா சொன்ன சூட்டு விசயம் நூற்றுக்கு நூறு உண்மை. மத்தியானம் டியூட்டி முடிந்து காருக்குள் ஏறினால் அடுப்பு. நான் முதலில் நாலு கண்ணாடியும் இறக்கி, ஏசி போட்டு, உள்ளே கொஞ்சம் ஆறினபிறகுதான் வீதியில் ஏற்றுவேன். மனிசருக்கு எது சுகமோ அதுதான் பற்றறிக்கும் சுகம்.

என்னுடையது 2014. இறக்குமதி நிற்க முந்தி, 2019ல் ஒரு உரிமையாளரிடமிருந்து வாங்கினது. இந்தக் கார் எனக்கு என்ன செய்தது என்று 2022ல்தான் முழுசாக விளங்கியது. பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்ற நேரம். யூலையில் கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்து, காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் என்றார்கள். எங்கள் வார்ட்டில் கார் வைத்திருந்த மற்றவர்கள் கிழமை முடிய முந்தியே சைக்கிளுக்கு மாறினார்கள். எனக்கு அந்த இருபது லீற்றரில் நானூறு கிலோமீற்றர். என்னோடு இரவு டியூட்டிக்கு வரும் இரண்டு பேரையும் ஏற்றி இறக்கினேன், அதற்குப் பிறகும் பெற்றோல் ராங்கில் மிச்சம் இருந்தது. வரிசையில் நிற்கும்போது ரெடி விளக்கோடு (கார் ஓடத் தயார் என்று காட்டுவது) ஏசியைப் போட்டுக்கொண்டு இருந்தால் எஞ்சின் விட்டு விட்டு எழும்பி பெற்றோலைத் தின்னும் என்று அப்போதே கண்டுகொண்டேன். முழுசாக நிற்பாட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்போம்.

இரவு இரண்டு மணிக்கு ஒழுங்கையால் வரும்போது ஒருவரின் தூக்கமும் கெடாது. அதே காரணத்தால் பகலில் கவனம் வேண்டும். பின்னுக்கு எடுக்கும்போது கார் வருகிற சத்தமே பிள்ளைகளுக்குக் கேட்காது. ரெடியில் விட்டுவிட்டு இறங்கிப் போகவும் கூடாது. எஞ்சின் நிற்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை.

குறை என்றால் உயரம். நிலத்திலிருந்து 140 மில்லிமீற்றர்தான். மாரியில் எங்கள் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும்போது நான் எடுக்கவே மாட்டேன். பெரிய பற்றறி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

கரவெட்டியான்

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன இருபது லீற்றர் கணக்கு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்கு இப்பவே எடுக்க வேண்டுமாம்.

ஒரு கேள்வி. ஒக்டேன் 92 பெற்றோல் அடிக்கிறீர்களா, 95 அடிக்கிறீர்களா? எஞ்சின் கொம்பிரஷன், அதாவது உள்ளே காற்றை நெரிக்கும் விகிதம், 13.4 என்று வாசித்தேன். அவ்வளவு கூட என்றால் 95தானே வேண்டும் என்று ஒருவர் சொன்னார்.

வவுனியா_கராஜ்

92 போதும். அந்த 13.4 என்பது அட்கின்சன் முறை எஞ்சினுக்குரிய எண். இன்டேக் வால்வு பிந்தி மூடுவதால் உள்ளே உண்மையில் நெரிபடும் காற்று அதைவிடக் குறைவு. ஜப்பானில் இந்தக் காருக்குச் சாதாரண ரெகுலர் பெற்றோல்தான் சொல்லியிருக்கிறார்கள், அது எங்கள் 92ஐ விடக் கூடினது இல்லை. மிச்சக் காசை நல்ல 0டபிள்யூ-20 ஒயிலுக்குக் கொடுங்கள். தடித்த ஒயில் விட்டால் எஞ்சினுக்குக் குளிர்கால உடுப்பு என்று சிலர் சொல்லித் தருவார்கள், கேட்க வேண்டாம். ஒரு பயணத்தில் பல தடவை நின்று எழும்பும் எஞ்சின் இது, எழும்பின உடனேயே ஒயில் மேலே போய்ச் சேர வேண்டும்.

கணக்கன்

நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஹைபிரிட் எல்லாருக்கும் லாபம் இல்லை. நான் மாதம் அறுநூறு கிலோமீற்றர் ஓடுகிறேன். என்னிடம் இருக்கும் ஒரு லீற்றர் எஞ்சின் டொயோட்டா விற்ஸ் லீற்றருக்கு 15 தருகிறது, மாதம் நாற்பது லீற்றர் போகும். அக்குவா 20 தந்தாலும் முப்பது லீற்றர். மிச்சம் பத்து லீற்றர். லீற்றர் முந்நூறு ரூபா என்று வைத்தால் மாதம் மூவாயிரம், வருடத்துக்கு முப்பத்தாறாயிரம். ஒரு பற்றறி மாற்றினால் இலட்சக்கணக்கில் போகும். எத்தனை வருட மிச்சம் அதில் கரைகிறது என்று பாருங்கள். பயமும் சேர்ந்து வரும், ஒவ்வொரு விளக்கு எரியும்போதும் நெஞ்சு திடுக்கிடும்.

தெமட்டகொட_ஹயர்

உங்கள் ஓட்டத்துக்கு உங்கள் கணக்குச் சரி ஐயா. ஆனால் கேட்ட தம்பி உங்களைப் போல இரண்டு மடங்கு ஓடுகிறார். அவருக்கு மாதம் இருபது, இருபத்திரண்டு லீற்றர் மிஞ்சும். எனக்கு இதைவிடப் பல மடங்கு. பற்றறி மாற்றிய காசு எனக்கு ஒரு வருடத்துக்குள் பெற்றோலில் திரும்பி வந்துவிட்டது.

வவுனியா_கராஜ்

கணக்கன் ஐயா பெற்றோலையும் பற்றறியையும் மட்டும் தராசில் வைத்திருக்கிறார். மற்றதையும் வைப்போம்.

அக்குவாவில் ஸ்டார்ட்டர் மோட்டர் இல்லை, அல்டர்னேட்டர் இல்லை, பவர் ஸ்டியரிங் பம்ப் இல்லை, எஞ்சினுக்கு முன்னால் ஓடும் பெல்ட் ஒன்றும் இல்லை. கியர்ப்பெட்டி என்று சொல்வது ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டரும். விற்ஸில் இருக்கிற மாதிரி வழுக்கித் தேயும் உலோகப் பெல்ட் அதில் கிடையாது. ஒயிலை மட்டும் காலத்துக்கு மாற்றினால் அந்தப் பகுதிக்கு நான் கை வைக்கிறதே அபூர்வம். பிரேக் பாட் சாதாரண காரை விட இரண்டு மடங்கு நின்று பிடிக்கும், பாதி வேலையை மோட்டர் செய்துவிடும்.

சரி, பழுது வரும் இடங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வயது போன அக்குவாவில் நான் பயப்படுவது பற்றறிக்கு இல்லை, மூன்று வேறு விசயங்களுக்கு.

பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் பிரேக் அக்சுவேட்டர் முதலாவது. பெடலை மிதிக்காமல் இருக்கும்போதும் அடிக்கடி "விர்ர்" என்று பம்ப் ஓடினால் அழுத்தம் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். விலை கூடின பாகம், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது கிடைக்கும், ஆனால் எந்தக் காரில் கழற்றினது என்று ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது ஈஜிஆர். புகையைத் திருப்பி உள்ளே அனுப்பும் பாதையும் அதன் கூலரும் கரியால் அடைபடும். காலையில் முதல் தடவை எஞ்சின் எழும்பும்போது சில செக்கன் கடகடவென்று உதறிவிட்டுச் சரியானால், கூலன்டும் மெல்ல மெல்லக் குறைந்தால், எஞ்சின் தலைப்பகுதிக்குக் கீழே இருக்கும் அடைப்பான ஹெட் காஸ்கட்டைப் பார்க்க வேண்டும். காலத்துக்கு ஈஜிஆரைக் கழற்றிக் கழுவினால் அந்த இடத்துக்குப் போகாது.

மூன்றாவது ஏசி. இதில் கொம்பிரசர் உயர் வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. அதற்கென்று மின்கடத்தாத தனி ஒயில் இருக்கிறது. மற்றக் கார்களுக்கு விடுகிற ஒயிலை யாராவது இதற்குள் விட்டால் காப்பு உடைந்து, காரே ரெடிக்கு வராமல் நிற்கும். காஸ் அடிக்கப் போகும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "ஹைபிரிட் கொம்பிரசருக்கு என்ன ஒயில் விடுவீர்கள்?" பதில் தடுமாறினால் வேறு இடம்.

தேயிலைமலை

மலைநாட்டுப் பக்கத்திலிருந்து யாரும் எழுதல, அதனால நான் சொல்றேன். ஹட்டன்ல இருக்கோம். கினிகத்தேனை, கித்துல்கல வழியா கொழும்புக்கு இறங்குறதும் ஏறுறதும் எங்களுக்கு வழக்கம்.

ஏறும்போது இந்தக் கார் கொஞ்சம் கத்தும். நாலு பேரும் சாமானும் இருந்தா எஞ்சின் ஒரே சுருதியில உறுமிக்கிட்டு ஏறும், வேகம் மெதுவாத்தான் வரும். எஞ்சின் 74 குதிரை வலு, மோட்டரோட சேர்ந்து 100. தொடர் ஏற்றத்துல பற்றறி இறங்கிப்போச்சுன்னா எஞ்சின் மட்டும்தான் மிச்சம். அவசரம் இல்லாதவங்களுக்கு அது ஒரு குறையே இல்ல.

இறக்கம்தான் சங்கதி. முதல் சில கிலோமீற்றர்லயே பற்றறி நிறைஞ்சிடும். அதுக்குப் பிறகு ஏத்துறதுக்கு இடம் இல்லாததால எஞ்சின் பெற்றோல் இல்லாமலே வேகமா சுத்தி வண்டியைப் பிடிக்கும். புதுசா ஓட்டுறவங்க அந்தச் சத்தத்தைக் கேட்டு எதோ உடைஞ்சிடுச்சுன்னு பயப்படுவாங்க. அது அப்படித்தான். நீளமான இறக்கத்துல கியரை B-யில (எஞ்சின் பிரேக்) போட்டுக்கிட்டா பிரேக் சூடேறாது. சமவெளியில B-யில ஓட்ட வேணாம், பெற்றோல்தான் வீண்.

மேல போகும்போது குறையும், கீழ வரும்போது கூடும், ரெண்டையும் கூட்டிப் பார்த்தா 20 கிட்ட வரும். அண்ணே, யாழ்ப்பாணத்துல மலையே இல்ல, நீங்க பயப்பட ஒண்ணும் இல்ல.

பருத்தித்துறை_வாத்தியார்

ஓய்வுபெற்ற ஆசிரியன். வங்கிக்கும் சந்தைக்கும் போவதைத் தவிர எனக்கு ஓட்டம் குறைவு. என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது பெரிய பற்றறியை அல்ல, சின்ன 12 வோல்ட் பற்றறியை.

மகளிடம் கொழும்புக்குப் போய்ச் சில கிழமை நின்றுவிட்டு வந்து பார்த்தால், ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. திறப்புக்குள் ஒளித்து வைத்திருக்கும் இரும்புத் திறப்பை இழுத்தெடுத்துத்தான் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு விளக்கும் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி "ஐயா, பெரிய பற்றறி போச்சு" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு நித்திரை இல்லை. அடுத்த நாள் வந்த மெக்கானிக் பின் இருக்கையைத் தூக்கி, 12 வோல்ட்டை அளந்து பார்த்துவிட்டு, அதை மட்டும் மாற்றினார். கார் உடனே ரெடிக்கு வந்தது. பெரிய பற்றறி நல்லாக இருந்தாலும், கணினிகளை எழுப்புவதற்கு இந்தச் சின்னவர் வேண்டும்.

இப்போது கிழமைக்கு ஒரு நாளாவது வல்லிபுரக் கோயில் வரைக்கும் ஓடிவிட்டு வருகிறேன். பெரிய பற்றறிக்கும் அது நல்லது. நீண்ட காலம் நிற்பாட்டி வைத்தால் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அரை மணித்தியாலம் ஓடச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கிறது.

இன்னொன்று. நெரிசலில் நிற்கும்போது கியரை என்-இல் (N, நியூட்ரல்) போட்டு வைக்கும் பழக்கம் என் வயதுக்காரருக்கு உண்டு. அக்குவாவில் என்-இல் இருக்கும்போது பெரிய பற்றறிக்கு ஏறாது. டி-யிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு நில்லுங்கள்.

ஸ்காபரோவான்

இங்கே கனடாவில் இதே கார் பிரியஸ் சி என்ற பெயரில் விற்றது. 2012லிருந்து என்னிடம் இருந்தது. எங்களுக்குப் பிரச்சினை தலைகீழ். குளிர்காலத்தில் ஹீட்டருக்குச் சூடு வேண்டும் என்பதால் எஞ்சின் நிற்கவே நிற்காது, பெற்றோல் செலவு நன்றாகக் கூடும். ஆனால் பற்றறியை மாற்றவே இல்லை, அதே பற்றறியோடுதான் விற்றேன். குளிர் பற்றறியின் வேகத்தைக் குறைக்கும், சூடு ஆயுளைக் குறைக்கும். ஊருக்கு வந்து அண்ணாவின் அக்குவாவை ஓட்டியபோது அந்த விசிறிச் சத்தத்தைத்தான் முதலில் கவனித்தேன். இங்கே அது எனக்குக் கேட்டதே குறைவு.

இங்கே ஹைபிரிட் பகுதிகளுக்கு எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் உத்தரவாதம் இருந்தது. ஜப்பானில் ஓடி முடித்து உங்களிடம் வரும் காருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. அதனால் வாங்க முந்திப் பார்ப்பதுதான் உங்கள் உத்தரவாதம்.

மட்டு_தாதி

புகைப் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு சின்ன விசயம். எஞ்சின் தானாக நின்றுவிடுவதால் சில இடங்களில் பரிசோதிக்கிறவர்கள் அக்சிலேற்றரை மிதித்துப் போராடுவார்கள். இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ரெடிக்குப் போகாமல் சுவிட்சை ஒன் மட்டும் பண்ணி, கியர் P-யில் (பார்க்) இருக்க அக்சிலேற்றரை இரண்டு தரம் முழுசாக மிதித்து, N-இல் இரண்டு தரம், திரும்ப P-யில் இரண்டு தரம் மிதித்தபிறகு பிரேக்கோடு ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் நிற்காமல் ஓடும். ஆறுதலாகச் செய்தால் சரிவராது, ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும் மாதத்தில் இதை நினைவில் வையுங்கள்.

கரவெட்டியான்

நேற்று சாவகச்சேரியில் ஒரு 2013 பார்த்தேன். வெளியில் பளபளவென்று இருக்கிறது. மீற்றரில் 78,000 கிலோமீற்றர். ஓக்ஷன் ஷீட் (ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதிக் கொடுக்கும் தாள்) கேட்டேன், "துலைஞ்சு போச்சு" என்றார். காரின் கணினியை வாசிக்கும் நண்பரின் புளூடூத் கருவியைப் பூட்டி ஃபோனில் பார்த்தோம். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை. ஆனால் திரையில் பற்றறிக் கட்டங்கள் கைதடி வரும்போது ஏழு இருந்தது, நாவற்குழிப் பாலத்தடியில் இரண்டாகிவிட்டது, கொஞ்சம் நிற்க திரும்ப ஆறு. விற்பவர் "ஹைபிரிட் என்றால் அப்படித்தான் தம்பி" என்கிறார். அப்படித்தானா?

வவுனியா_கராஜ்

இல்லைத் தம்பி, அப்படி இல்லை. நல்ல பற்றறியில் கட்டங்கள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். கணினி அதை நாற்பது வீதத்துக்கும் எண்பது வீதத்துக்கும் இடையில்தான் வைத்திருக்கப் பார்க்கும். சமவெளி வீதியில் அவ்வளவு கிட்ட தூரத்தில் ஏழிலிருந்து இரண்டுக்கு விழுந்தால் கொள்ளளவு போய்விட்டது. குறியீடு இல்லாததற்கும் காரணம் இருக்கலாம். விற்க முந்தி அழித்தால் அது திரும்ப விழக் கொஞ்சம் ஓட வேண்டும். பெரிய பற்றறியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 (P0A80) என்ற குறியீடு அந்தக் காரில் முந்தியும் விழுந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

78,000 என்ற எண்ணை நம்ப வேண்டாம். ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க ஓரம், ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம், பிரேக் பெடல் ரப்பர், இந்த மூன்றும் பொய் சொல்லாது. அந்த மூன்றும் தேய்ந்து மீற்றர் மட்டும் இளமையாக இருந்தால் விட்டுவிடுங்கள். சேஸி எண்ணை வைத்து ஓக்ஷன் ஷீட்டைத் திரும்ப எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், காரின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

தெமட்டகொட_ஹயர்

அந்தக் காரை விடுங்கள் தம்பி. அல்லது நல்ல பற்றறி போடுகிற முழுச் செலவையும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்க மாட்டார்.

கணக்கன்

நானும் அதையே சொல்கிறேன். மாதம் ஆயிரத்து முந்நூறு ஓடுகிறீர்கள் என்றால் அக்குவா உங்களுக்குப் பொருந்தும், அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மீற்றர் குறைந்த காரைத் தேடாமல், மீற்றர் கூடினாலும் புத்தகம் வைத்துச் சேர்விஸ் செய்த காரைத் தேடுங்கள். பற்றறிக்கென்று ஒரு தொகையை முதல் நாளே தனியாக வங்கியில் போட்டு வையுங்கள். தேவைப்படாவிட்டால் அது உங்கள் காசுதானே.

தேயிலைமலை

அம்மாவைப் பின்னால ஏத்திப் பார்த்தீங்களா அண்ணே? பின் இருக்கைல தலைக்கு மேல இடம் கம்மி, கூரை சரிஞ்சு இறங்கும். உயரமானவங்களுக்குக் கஷ்டம். வயசானவங்க ஏறி இறங்குறதுக்கு சுசுக்கி வகன் ஆர் மாதிரி வசதி இதுல இல்ல. அதுவும் ஹைபிரிட்னுதான் விக்கிறாங்க, ஆனா அதுல சின்ன மோட்டர் கை கொடுக்கிறதோட சரி, அக்குவா மாதிரி மோட்டரே முழுசா இழுக்காது.

கரவெட்டியான்

அம்மாவை ஏற்றிப் பார்க்கவில்லை, நல்ல யோசனை. அடுத்த தடவை அவவையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

சாவகச்சேரிக் காரை வேண்டாம் என்று சொல்லியாச்சு. கிளிநொச்சியில் ஒரு 2015 இருக்கிறது. மீற்றர் 140,000க்கு மேல், ஆனால் சேர்விஸ் பில் எல்லாம் வைத்திருக்கிறார், பற்றறி விசிறி துப்பரவாக்கின பில்லும் இருக்கிறதாம். சனிக்கிழமை காலை போகிறோம். வவுனியா அண்ணை, அங்கிருந்து ஏ9 வழியாக உங்களிடம் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வீர்களா?

வவுனியா_கராஜ்

கட்டாயம் வாங்கோ. கிளிநொச்சியிலிருந்து இங்கே வரும் தூரமே நல்ல சோதனை ஓட்டம். வரும் வழியில் ஏசி போட்டு, நாலு பேரோடு ஓடி, கட்டங்கள் எப்படி ஏறி இறங்குகிறது என்று மனைவியைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இங்கே நான் ஸ்கான் பண்ணி, ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டும் சுமையில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறேன். எல்லாம் ஒன்றாக இறங்கினால் பயமில்லை, ஒன்று மட்டும் தனியாக விழக் கூடாது. விசிறியையும் கழற்றிப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை இரவே உரிமையாளருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் வரும் வரைக்கும் காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. எஞ்சின் ஆறியிருக்கும்போது முதல் எழும்புகிற சத்தத்தை நீங்களே பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.